பனி டைமிங்

நவம்பர் 18

மண்டிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி. இத்தனை மாதம் சாமி படத்துக்குக் கீழே சும்மா கிடந்தது. இன்றைக்குப் பவுன்தாய் அதை எடுத்து என் மடியில் போட்டாள். "வீட்டுக்கு வந்தா வண்டியப் பத்தியே பேசுறீங்க. எனக்குத் தலை வலிக்குது. இதுல எழுதுங்க, பேசாம கேட்டுக்கும்" என்றாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? எழுதுகிறேன்.

என் பெயர் தங்கமாயன். பூம்பாறையில் பழைய ஆறு டயர் லாரி வைத்திருக்கிறேன். காரட், உருளைக்கிழங்கு, பூண்டு ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு இறங்குவது, திரும்பும்போது கோழி எரு ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது. இதுதான் பிழைப்பு. கூட வருவது பவுன்தாயின் தம்பி கொடியரசன். அவனிடமும் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கை நான் கொடுப்பதில்லை. கல்யாணச் சீர் மாதிரி அது என்னோடு வந்தது, என்னோடுதான் இருக்கும்.

இந்த வருஷம் பனி முந்திக்கொண்டது. காலையில் காரட் தோட்டமெல்லாம் வெள்ளை பூசிக் கிடக்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆனதும் வீடே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. நின்ற இடத்தில் இஞ்சின் ஓடுகிற ஐடிலிங் நொண்டுகிறது. ஆறு சிலிண்டரில் இரண்டு இன்னும் போர்வைக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

மலையில் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். குளிர்ந்த இஞ்சினில் டீசல் பற்றிக்கொள்ள நேரம் பிடிக்கும். அதனால் கார்த்திகை பிறந்ததும் டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவோம். டீசல் பம்பைச் சுழற்றுகிற கப்ளிங்கில் இரண்டு போல்ட் இருக்கும். தளர்த்தி ஒரு துளி திருப்பினால் டீசல் அந்தத் துளி முந்திப் பாயும். பங்குனி வெயில் வந்ததும் மறுபடி பின்னால் இழுத்துவிடுவோம். இதற்குப் பனி டைமிங் என்று பேர். மற்றவர்கள் கப்ளிங்கில் கீறியிருக்கிற கோட்டைப் பார்த்து வைப்பார்கள். அரைக் கோடு தள்ளினால் போதும் என்பார்கள். நான் கோடு பார்ப்பதில்லை, காதால் வைப்பேன். டீசல் முந்திப் போனால் இஞ்சின் தலையில் 'கிணிங் கிணிங்' என்று ஒரு சத்தம் வரும். அது தொடங்குகிற இடம் தெரிந்ததும் ஒரு மயிரிழை பின்னால் வந்து போல்ட்டை இறுக்க வேண்டும். அவ்வளவுதான். லாரி ஸ்டாண்டில் நிற்கிற பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் பனி டைமிங் என் கைதான். கூலி கிடையாது, டீ உண்டு.

ஜனவரி கடைசியில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள். "கண்ணு, காது ரெண்டையும் ஒழுங்காப் பாத்துட்டு வாங்க" என்கிறாள் பவுன்தாய். கண்ணுக்கு என்ன குறை? எதிர் மலையில் மேய்கிற மாடு சினையா இல்லையா என்று இங்கிருந்தே சொல்வேன்.

நவம்பர் 20

என் வண்டிக்குப் பனி டைமிங் வைத்தேன். இந்த வருஷம் டீசலில் என்ன கலந்து தொலைக்கிறார்களோ, கிணிங் லேசில் வரவில்லை. வழக்கத்தைவிட நிறையத் தள்ள வேண்டியிருந்தது. கொடியரசன் பக்கத்தில் நின்று "போதும் மாமா, போதும் மாமா" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். "டைமிங் வைக்கிறது நீயா, நானா?" என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த வீட்டு எமிலி டீச்சர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடுகிறதாம், ஆணி அடிக்கிற மாதிரி சத்தமாம். இத்தனை வருஷமாக இதே வண்டி, இதே வாசல். ரிட்டயர் ஆனதும் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகிறது. பொழுது போகாமல் ஊர்ச் சத்தத்தைக் கணக்கெடுக்கிறார்கள்.

நவம்பர் 21

செல்ப் அடித்தபோது மோட்டார் ஒரு தடவை திக்கி, எதிர்த்து உதைத்தது. பேட்டரியைப் பார்க்க வேண்டும். மற்றபடி புகையில்லை, ஐடிலிங் நின்று பேசுகிறது. டைமிங் என்றால் இதுதான்.

நவம்பர் 25

மறுபடியும் வெள்ளைப் புகை. வைத்த டைமிங் எங்கே போயிற்று? போல்ட் இரண்டும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. பனி கூடிவிட்டது போலிருக்கிறது. இன்னொரு தடவை முன்னால் தள்ளினேன்.

ஸ்பேனரை வைத்த இடத்தில் காணோம். கொடியரசன் சீட்டுக்கு அடியில் துணி சுற்றிக் கிடந்தது. அவனுக்கு ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கமே இல்லை. அக்காவும் தம்பியும் ஒரே வார்ப்பு.

நவம்பர் 29

பவுன்தாய் கடைக்குப் போகும்போது "மூணு விசில் வந்ததும் அடுப்ப அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுப்படியிலேயே, குக்கருக்குப் பக்கத்திலேயே, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. அவள் தெருவிலிருந்தே ஓடி வந்தாள். பருப்பு கரிக்கட்டை. போன தீபாவளிக்கு வாங்கிய குக்கர், அதற்குள் விசில் கெட்டுவிட்டது. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். ஆனால் அவள் திட்டவில்லை. குக்கரைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் திட்டாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இன்றைக்கு இறங்கவில்லை.

டிசம்பர் 3

பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில் கேரளாப் பஸ் நேருக்கு நேராக வந்துவிட்டது. ஹார்ன் அடிக்காமல் மலைப்பாதையில் வருகிறான். நான் இடது பக்கம் ஒடித்ததால் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தோம். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி என்னமோ கத்தினான். தப்பும் செய்துவிட்டுத் திமிரும் காட்டுகிறான். நானும் திருப்பிக் கொடுத்தேன்.

கொடியரசன் வரவரப் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டான். ஒவ்வொரு வளைவிலும் என் தொடையைத் தட்டுகிறான். எதிரில் வண்டி வந்தால் ஒரு தட்டு, பின்னால் யாராவது வழி கேட்டால் இரண்டு தட்டு. மேளம் வாசிக்கிறாயா என்று கேட்டேன். சிரித்தான். ஆனால் தட்டுவதை நிறுத்தவில்லை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்ததிலிருந்து இந்தப் பயம் வந்திருக்கும். பாவம், விட்டுவிட்டேன்.

டிசம்பர் 7

லூர்துராஜ் வண்டிக்குப் பனி டைமிங் வைத்தேன். ஸ்டாண்டு வண்டிகளில் இந்த வருஷம் இதுதான் முதல்.

லூர்து நல்ல பையன். பல வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டிவிட்டு இந்த ஆடியில்தான் சொந்தமாக ஒரு வண்டி வாங்கினான். என் வண்டியைவிட வயசானது. அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, முன்னால் வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டி, பெண் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறான். அந்த வண்டி ஓடினால்தான் அவன் வீட்டில் அடுப்பு. "அண்ணே, உங்க கைய வச்சுவிடுங்க" என்று நேற்றே டீ வாங்கிக் கொடுத்துவிட்டான்.

நான் பானெட்டைத் தூக்கும்போது கொடியரசன் குறுக்கே வந்தான். "மாமா, லூர்தண்ணன் வண்டிய நான் பாக்குறேன். உங்களுக்கு இடுப்பு வலின்னீங்கள்ல" என்றான். எனக்கு எப்போது இடுப்பு வலித்தது? ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் என் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கப் பார்க்கிறான். நன்றாகத் திட்டிவிட்டேன். "எங்கிட்டக் கத்துக்கிட்டு எனக்கேவாடா?" என்றேன். முகம் செத்துப்போய் டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

இந்த வண்டியிலும் கிணிங் ஒளிந்துகொண்டுதான் இருந்தது. விடாமல் தள்ளித் தள்ளிப் பிடித்துவிட்டேன். லேசாக, தூரத்தில் மாட்டுக் கழுத்து மணி மாதிரி வந்தது. ஒரு மயிரிழை பின்னால் வந்து இறுக்கினேன். லூர்து காதைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "எப்படி?" என்றேன். "நீங்க வச்சா சரிதாண்ணே" என்றான்.

டிசம்பர் 9

என் வண்டி மறுபடியும் நொண்டுகிறது. மூன்றாவது தடவையாக முன்னால் தள்ளியிருக்கிறேன். இப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை. எமிலி டீச்சர் இன்றைக்கு வாசலுக்கு வரவில்லை. ஜன்னலைச் சாத்தினார், அவ்வளவுதான்.

டிசம்பர் 13

லூர்து வண்டி போயிற்று.

மலை ஏறும்போது டம்டம் பாறைக்கு மேலே நின்றிருந்தது. எரு லோடு. ரேடியேட்டரிலிருந்து ஆவி, கீழே ஆயிலும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து ரோட்டில் மோர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஹெட் கேஸ்கட் அடித்துவிட்டது, ஒரு பிஸ்டன் தலையும் ஓட்டை. லூர்து டயருக்குக் கல் வைத்துவிட்டு அதே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, இந்த மாதம் முழுக்க லோடு பேசி வைத்திருக்கிறான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவப்பட வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும், அது என் பிறவிக் குணம். "தண்ணி பாத்தியா? செகண்ட் கியர்ல ஏத்தச் சொன்னனே, கேட்டியா? வயசான வண்டியக் குதிரை மாதிரி விரட்டுனா அது என்ன செய்யும்?" என்று நின்ற இடத்தில் நின்று கத்தினேன். நாலு வண்டிக்காரர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். கொடியரசன் என் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினான்.

டிசம்பர் 16

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

வத்தலக்குண்டிலிருந்து பம்பு மெக்கானிக் போய் லூர்து வண்டியைப் பார்த்திருக்கிறார். கப்ளிங் மூன்று கோடு முன்னால் நிற்கிறது, இந்த டைமிங்கில் பாரம் ஏற்றினால் இஞ்சின் தாங்காது, யார் வைத்தது என்று கேட்டிருக்கிறார். லூர்து சாயங்காலம் ஸ்டாண்டுக்கு வந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அவரு இப்படிச் சொல்றாரு" என்றான்.

தனியாகக் கூப்பிட்டவனை நான் ஸ்டாண்டு நடுவுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். "மூணு கோடா? நான் வச்சதா? என் வண்டிக்கும் இதே கை, இதே காது. வா, பாத்துருவோம்" என்றேன். எல்லாரும் கூடிவிட்டார்கள். என் வண்டிப் பானெட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, கப்ளிங்கில் இருந்த அழுக்கைத் துணியால் துடைத்துக் காட்டினேன். அரைக் கோடு. அச்சு அசலாக அரைக் கோடு. பம்பு மெக்கானிக்கே வந்து வைத்தாலும் அதற்கு மேல் சரியாக வைக்க முடியாது.

ஸ்டாண்டே சிரித்தது. "தங்கமாயன் காது சர்க்கார் தராசுடா" என்று ஒருத்தர் சொன்னார். லூர்து முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சிருங்கண்ணே. நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. இரண்டு டீ குடித்தேன். கொடியரசன் எங்கே என்று தேடினேன், வண்டிக்குப் பின்னால் டயரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜெயித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனாலும் லூர்து அப்படி மன்னிப்புக் கேட்டது எனக்கு நன்றாக இல்லை.

டிசம்பர் 17

மார்கழி ஒன்று. ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. நான் மூன்று தடவை முன்னால் தள்ளியிருக்கிறேன். மூன்று தடவை தள்ளியது எப்படி அரைக் கோட்டில் நிற்கும்?

டிசம்பர் 19

காலையில் லோடோடு இறங்கும்போது ஒரு அகலமான இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினேன். இஞ்சினை அணைத்தேன். கொடியரசனைப் பார்த்து, "மாப்ளே, என் கப்ளிங்க யாரு திருப்புனது?" என்று கேட்டேன்.

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். இப்போது நினைத்துப் பார்த்தால் கொஞ்ச காலமாகவே அவன் என்னிடம் அப்படித்தான் பேசுகிறான்.

"நான்தான் மாமா. நீங்க ஒவ்வொரு தடவ தள்ளும்போதும், அன்னிக்குச் சாயங்காலமோ மறுநாளோ நான் பழையபடி அரைக் கோட்டுக்குக் கொண்டாந்துருவேன்."

"எதுக்கு?"

"அந்தத் தட்டலோட மலை ஏறுனா இஞ்சின் போயிரும் மாமா."

"எந்தத் தட்டல்?"

என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா கல்யாணத்தில் கால் டவுசர் போட்டுக்கொண்டு என் மடியில் உட்கார்ந்தவன். முப்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை, லாரிக்குள் உட்கார்ந்து அழுகிறான்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். நான் டைமிங் வைக்கிற அன்றைக்கெல்லாம் இஞ்சின் சம்மட்டி அடிக்கிற மாதிரி அடிக்குமாம், தெருவுக்கே கேட்குமாம். பவுன்தாய்க்குப் போன வருஷத்திலிருந்தே தெரியுமாம். குக்கர் விசில் நன்றாகத்தான் இருக்கிறதாம். கேரளாப் பஸ் மூன்று தடவை ஹார்ன் அடித்ததாம்.

"எங்கிட்டச் சொல்லித் தொலைய வேண்டியதுதானடா?"

"எப்படி மாமா சொல்றது? தங்கமாயன்னா காதுன்னுதான் ஊருல பேரு. லைசென்ஸ் வேற புதுப்பிக்கணும். ஸ்டியரிங்க விட்டா நீங்க என்ன ஆவீங்கன்னு அக்கா அழுதுச்சு. நான் பாத்துக்குறேன்னு சொன்னேன். நீங்க தள்ளத் தள்ள நான் திருப்பி வச்சுட்டேன்."

"லூர்து வண்டி?"

"அன்னிக்குச் சாயங்காலமே திருப்பி வைக்கத்தான் போனேன் மாமா. அதுக்குள்ள லோடு ஏத்திட்டு ஒட்டன்சத்திரம் போயிருச்சு. மறுநாளும் கைக்குச் சிக்கல. போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். சொன்னா உங்க பேரு போயிருமேன்னு விட்டுட்டேன்."

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவனை அடிக்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் எதற்கு அடிப்பது? நான் கெடுத்ததைத் திருத்தியதற்கா? என் வண்டியை இவன் காப்பாற்றிவிட்டான். அதனால்தான் நான் துணிந்து அடுத்தவன் வண்டியில் கை வைத்தேன். இவர்கள் என் மேல் வைத்த பாசம் லூர்து தலையில் விடிந்திருக்கிறது. அதற்கு மேலே அவனை ரோட்டில் வைத்துக் கத்தினேன், ஸ்டாண்டில் வைத்துக் கத்தினேன், அவன் வாயால் மன்னிப்பும் வாங்கிக்கொண்டேன்.

மீதித் தூரத்தை அவன் ஓட்டினான். எனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை.

டிசம்பர் 20

பவுன்தாயிடம் சண்டை போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவள் எனக்கு எதிரே முட்டிக்கு முட்டி படும்படி உட்கார்ந்து, "உங்க முகத்தப் பாத்து எனக்குச் சொல்ல வரலங்க" என்றாள். சண்டை அத்தோடு முடிந்தது.

இன்றைக்கு வண்டி எடுக்கவில்லை.

டிசம்பர் 23

திண்டுக்கல்லில் காது டாக்டரிடம் போனோம்.

முதலில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். காதுக்கு ஹெட்போன், கையில் ஒரு பட்டன். காது சோதிக்கிற பெண் நல்ல மாதிரி. "சத்தம் கேட்டா இதை அமுக்குங்கய்யா. எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் அமுக்குங்க" என்று சைகையோடு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வெளியே அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் பவுன்தாய்.

முதலில் 'பூம் பூம்' என்று தூரத்து லாரி மாதிரி வந்தது. அமுக்கினேன். மறுபடி வந்தது, அமுக்கினேன். பரவாயில்லையே, இவர்கள் சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்ததைப் போடப்போகிறாள் என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் மிஷினில் எதையோ திருப்பினாள், என்னைப் பார்த்தாள், எழுதினாள். மறுபடி திருப்பினாள், பார்த்தாள், எழுதினாள். கரண்ட் போய்விட்டதா என்று மேலே பார்த்தேன், பல்பு எரிந்துகொண்டிருந்தது. பவுன்தாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சுங்கய்யா" என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். அடித்தொண்டைச் சத்தமெல்லாம் மிச்சம் இருக்கிறது. கூர்மையான சத்தம் போய்விட்டது, அது திரும்பி வராது. வருஷக்கணக்காக இஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் வந்தது என்றார். எந்தச் சத்தத்தைப் பிடித்து ஊர் வண்டிக்கெல்லாம் டைமிங் வைத்தேனோ, அதை இஞ்சினே தின்றுவிட்டது. இரண்டு காதுக்கும் மிஷின் வைக்க வேண்டும், பழகிய பிறகு மறுபடி சோதிக்கலாம், இப்போதைக்கு மலைப்பாதையில் பாரவண்டி ஓட்டுவதற்குக் கையெழுத்துப் போட முடியாது என்றார். நான் வாக்குவாதம் பண்ணுவேன் என்று பவுன்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பண்ணவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவள் பார்த்திருப்பாள்.

டிசம்பர் 25

லூர்து வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். கோயில் முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். பண்டிகை நாளில் போய் என்ன முகத்தைக் காட்டுவது? எமிலி டீச்சர் கேக் கொடுத்து அனுப்பினார். அதைக்கூடச் சாப்பிட முடியவில்லை.

டிசம்பர் 26

காலையில் கொடியரசன் வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். நான் வெளியே நின்றேன். என் வண்டி குளிரில் கிளம்புவதை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வெளியே நின்று பார்க்கிறேன். கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு தெளிந்துவிட்டது. எனக்கு அது மந்தமாக, தொண்டை கட்டிய மாதிரிதான் கேட்டது. ஸ்பேனரை எடுக்கச் சொல்லிக் கை இழுத்தது. கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஸ்டாண்டுக்குப் போனோம். டீக்கடையில் நல்ல கூட்டம். லூர்து ஓரமாக நின்றிருந்தான். வண்டி இல்லாதவன் ஸ்டாண்டில் எப்படி நிற்பானோ அப்படி நின்றான். என்னைப் பார்த்ததும் டீ கிளாசை வைத்துவிட்டு நகரப் பார்த்தான்.

நான் போய் அவன் கையைப் பிடித்தேன். அன்றைக்கு மாதிரி ஊரைக் கூட்டக்கூடாது, அவனுக்கு மட்டும் சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன். அவன் காதுக்குப் பக்கத்தில் போய், "லூர்து, உன் வண்டிய நான்தான் கெடுத்தேன். மெக்கானிக் சொன்னது சரி. எனக்குக் காது கேக்கல. என் வண்டிய எடுத்துக்க. உன் வண்டி ரெடியாகுற வரைக்கும் உன் லோட அதுல அடி, கொடியரசன் கூட வருவான்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றுவிட்டது. கொடியரசன் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தான்.

எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது, அந்தக் குளிரிலும். ஆனால் சொன்னது சொன்னதுதான். லூர்து என் கையை விடவில்லை. தலையைக் குனிந்து ஏதோ சொன்னான். அவன் உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வழக்கமாக இந்த மாதிரி சமயத்தில் நான் "சரி சரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்றைக்கு நகரவில்லை.

"கேக்கலப்பா. இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

லூர்து நிமிர்ந்து, ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, வார்த்தை வார்த்தையாகச் சொன்னான்.

"எனக்குக் கேட்டுச்சுண்ணே. நீங்க வச்ச அன்னிக்கே அந்தத் தட்டல் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. தங்கமாயண்ணன் காதுக்குச் சரியாப் பட்டா அது சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் தெரியலன்னு லோடு ஏத்திட்டேன்."

அவன் தோளைப் பிடித்து இழுத்து என் வண்டியின் டிரைவர் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, கொடியரசனிடம் சாவியை வாங்கி அவன் கையில் வைத்தேன். அவன் ஏறினான். கொடியரசன் இந்தப் பக்கம் ஏறினான். நான் கதவைச் சாத்திவிட்டு, "இனிமே எவன் என்ன சொன்னாலும் உன் காத நம்புடா" என்று லூர்துவிடம் சொன்னேன். இதையும் சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன்.